‘பாசிட்டிவ்’னா பதறாதீங்க!

‘பாசிட்டிவா இரு மச்சி’ன்னு தினமும் சொல்றோமே... அதே வார்த்தை எங்க வீட்டுல ரெண்டு நாள் யாரையும் தூங்க விடலை, தெரியுமா?

கம்பம் பக்கத்துல பன்னீர் திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கார் என் தாய்மாமா. ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். “என் தம்பிக்கு நான் தர்றேன்”னு அம்மா முன்னால நின்னாங்க. 1994-ம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டப்படி கூடப்பிறந்தவங்க கிட்னி தரலாம்.

தேனியில எடுத்த ரிப்போர்ட் வந்தது. ‘சி.எம்.வி. ஐஜிஜி பாசிட்டிவ்.’ இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளையாச்சே... என்கிட்ட நீட்டினாங்க. நானும் பெரிய மேதாவியாட்டம், “உங்க ரத்தத்துல வைரஸ் இருக்கும்மா”ன்னு சொல்லிட்டேன். அம்மா முகம் செத்துப்போச்சு. “ஊர்ல தெரிஞ்சா என்னடா பேசுவாங்க? மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

மதுரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சார். “உனக்கும் இது இருக்கலாம் தம்பி!”

விஷயம் இதுதான் பாஸ். சைட்டோமெகலோ வைரஸ், சின்ன வயசுலயே எச்சில் வழியா சத்தமில்லாம ஒட்டிக்கும். நம்ம நாட்டுல பல ஆய்வுகள்ல பெரியவங்கள்ல 90 சதவிகிதத்துக்கும் மேல ‘பாசிட்டிவ்’தான். வாழ்நாள் முழுக்க உடம்புல தூங்கிட்டிருக்கும். புது கிட்னியை உடம்பு தள்ளிவிடாம இருக்க எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மாத்திரை தருவாங்க இல்லையா... அப்பதான் அது முழிச்சுக்கும். காய்ச்சல்ல ஆரம்பிச்சு, புதுக் கிட்னிக்கே உலை வைக்கலாம். கொடுக்கிறவருக்கு இருந்து, வாங்குறவருக்கு இல்லைன்னா ஆபத்து அதிகம். முன்கூட்டியே தெரிஞ்சா, ஆபரேஷனுக்கு அப்புறம் மாசக்கணக்குல தடுப்பு மாத்திரை கொடுத்துக் காப்பாத்திடலாம்.

மாமாவுக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. அவரும் பாசிட்டிவ்! அம்மா முகத்துல அப்பதான் உசுரு வந்துச்சு.

ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டும் ரெண்டு பேருக்கும் உண்டு. தொற்று ஒட்டின ஆரம்ப நாட்கள்ல இதெல்லாம் டெஸ்ட்டுல சிக்காமப் போகலாம். அதனாலதான் ரத்தம் ஏத்தினீங்களா, ஊசி போட்டீங்களான்னு டாக்டர் துருவித் துருவிக் கேட்கிறார். அங்கே வெட்கப்பட்டு மறைக்கிற ஒரு பதில், இன்னொரு உயிரைப் பதம் பார்த்துடும்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கு. எதிர்ப்புசக்தி குறைஞ்ச பிறகு போட்டா சரியா வேலை செய்யாது. அதனால மாமாவுக்கு இப்பவே போட்டுட்டாங்க. நீங்க போட்டாச்சா? வீட்டுல கேளுங்க.

யாராவது ரிப்போர்ட்டை நீட்டினா, என்னைப்போல மேதாவித்தனம் மட்டும் பண்ணாதீங்க. “டாக்டர்கிட்ட கேட்போம்”னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும். அம்மா நிம்மதியாத் தூங்குவாங்க!