பேருந்துக் கட்டணம் யார் தருவது?

அருங்காட்சியகத் தொண்டைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் 2007 முதல் இயங்கும் தொண்டூழியர் குழு, மாதக்கணக்கில் பயிற்சி பெற்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம் எனப் பல மொழிகளில் கூடங்களைச் சுற்றிக்காட்டுகிறது. காசு வாங்காத உழைப்பு. ஆனால் யார் தொண்டுக்கு வருகிறார்கள் என்பதற்கு அந்த மொழிகளே ஒரு சாட்சி. வேலைநாளின் காலைப்பொழுதை விட்டுத்தர யாரால் முடியும்? ஓய்வுபெற்றவர்கள், இங்கே பணிபுரியும் வெளிநாட்டவரின் குடும்பத்தார், வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனாலும் நேரம் மிச்சமுள்ளவர்களின் வாயால்தான் கூடத்தின் கதை வெளிவருகிறது.

தொண்டு அப்படியே இருக்கட்டும். என் வழக்கு தொழிற்பயிற்சியைப் பற்றியது. கலைக்கூடத்தில் வேலை கேட்டுப் போனால், முதலில் பார்ப்பது எங்கே பயிற்சி எடுத்தாய் என்பதைத்தான். போர்ட் டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலண்டோக் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி கோலாலம்பூருக்குப் போக வேண்டுமென்றால் சிரம்பான் வரை பேருந்து, பிறகு கொமுட்டர் ரயில். தினமும் முடியாது, அறை எடுக்க வேண்டும். இப்போதைய 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பள ஆணை பயிற்சி மாணவர்களுக்குப் பொருந்தாது. அலவன்ஸ் இல்லாத மூன்று மாதம் என்றால், தலைநகரில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. தேர்வு நேர்காணலில் நடப்பதில்லை, அதற்கு முன்பே வீட்டுக் கணக்கில் முடிந்துவிடுகிறது.

இதில் நட்டம் மாணவிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓவியர் அனுரேந்திர ஜெகதேவா 2014இல் மணவறையையே ஒரு கலைப்படைப்பாக நிறுவினார். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பத்துக் கல்யாணம் பார்த்த பிள்ளை அதன் முன் நின்று பேசினால், விளக்க அட்டையில் இல்லாதவை வரும். புக்கிட் பெலண்டோக் வட்டாரமே இன்னொரு சான்று. 1998-99இல் நிப்பா கிருமி மலேசியாவில் 105 பேரைக் கொன்றது. கிருமிக்குப் பெயர் தந்த சுங்கை நிப்பா கிராமம் இங்கேதான் இருக்கிறது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுப்புகை அடித்தார்கள். இறந்தவர்களில் சீனப் பண்ணைக்காரர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் உண்டு. அந்தக் காலத்தை நாளை ஒருவர் ஓவியமாகத் தீட்டினால், அதைப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியவர்கள் அந்த வீடுகளிலிருந்து வர வேண்டாமா?

கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர் கூலி கேட்கிறாரா என்று சிலர் மடக்குவார்கள். கேட்பதில்லைதான். ஆனால் காய் நறுக்கியதற்குச் சான்றிதழ் இல்லை, அதைக் காட்டி அடுத்த வேலைக்குப் போவதும் இல்லை. ‘எங்களிடம் பணமில்லை’ என்பது இன்னும் கனமான ஆட்சேபம். சிறிய கலைக்கூடங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனாலும் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அறக்கட்டளை, வாய்ப்புக் குறைந்த சமூகங்களின் மாணவர்களுக்கு 1993 முதல் ஊதியத்தோடு பயிற்சி தருகிறது. வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கமே 2019இல், பயிற்சிக்கு ஊதியம் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டது. கெட்டியின் செல்வம் நம்மிடம் இல்லை என்பீர்கள். மூன்று பேரை இலவசமாக எடுக்கும் இடத்தில் ஒருவரை அலவன்ஸோடு எடுக்கலாமே.

சிகாகோ கலைக்கழகத்தைக் காட்டி எச்சரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021இல் அது பல்லாண்டு அனுபவமுள்ள தொண்டூழிய வழிகாட்டிகளை ஒரே கடிதத்தில் விலக்கிவிட்டு, சம்பள வழிகாட்டிகளை நோக்கித் திரும்பியது. கடும் கண்டனம் எழுந்தது. சேர்த்துவைத்த அறிவை அப்படித் தூக்கியெறிவது அவசரபுத்தி. இங்கே யாரையும் விலக்கத் தேவையில்லை. நம் மூத்த தொண்டூழியர்களின் பக்கத்தில், பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் அறை வாடகையும் பெறும் ஒரு தோட்டத்துப் பிள்ளை நின்றால் போதும். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பைத் தலைநகரப் பல்கலைக்கழகங்களோடு நிறுத்தாமல் போர்ட் டிக்சன், சிரம்பான் பள்ளிகளின் ஆறாம் படிவ வகுப்புகளுக்கும் அனுப்ப வேண்டும்.