பின் டயர் அகலமானால் போதுமா?

மோட்டார் சைக்கிள் டயருக்கும் பெண்கள் சஞ்சிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. பின்னால் அமர்ந்து போகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். பல வீடுகளில் அதற்கான காசும் நம் கையிலிருந்துதான் போகிறது.

றொசல்லயில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். மணமுடித்துக் கிளிநொச்சிக்குப் போனவர், 2009 இல் கணவரை இழந்து பிள்ளையோடு தம்பி வீட்டுக்குத் திரும்பினார். ஹற்றனில் தையல் வேலை. தம்பியின் பஜாஜ் அவெஞ்சரில்தான் போய் வருகிறார். அந்தத் தம்பிக்குப் பின் டயரை அகலமாக்க ஆசை. "மழையில வழுக்காது அக்கா, ஒங்களுக்காகத்தான்" என்று அவருடைய சீட்டுக் காசைக் கேட்டாராம். நீண்டு தாழ்ந்த அந்த வண்டிக்குத் தடித்த சில்லு எடுப்பாகத்தான் இருக்கும், ஆசையில் குற்றமில்லை. சொன்ன காரணம்தான் சரியில்லை.

அவெஞ்சர் 220 இன் பின் டயரில் 130/90-15 என்று போட்டிருக்கும். அகலம் 130 மில்லிமீற்றர், உயரம் அதில் 90 வீதம், ரிம் 15 அங்குலம். ரிம்மின் அகலமும் அதற்கேற்பச் செய்ததுதான். அதில் 150 ஐ மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு புடைக்கும். தரையில் எவ்வளவு படும் என்பதைப் பெரும்பாலும் பாரமும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. வளைவில் வண்டியை இன்னும் கூடுதலாகச் சாய்க்கவும் வேண்டும். கிளிநொச்சியின் நேர் வீதியில் இது தெரியாமல் போகலாம். கினிகத்தேனையிலிருந்து ஹற்றன் வரை வளைவுக்குமேல் வளைவு. வட்டவளையோ இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஈரத்தில் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் வெட்டுகள். அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும்.

செயினும் மட்கார்ட்டும் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். கராஜில் வெறும் வண்டியில் சில்லைச் சுற்றிவிட்டு "உரசல்ல" என்பார்கள். பின்னால் ஆள் ஏறினால் வண்டி தாழும், குழியில் இறங்கும்போது டயர் மட்கார்ட்டில் முட்டும். ஆகவே நீங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. குனிந்து பழைய டயரைப் பார்த்தார். பக்கவாட்டில் 2316 என்ற எண், அதாவது 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. நடு வெட்டுகள் தேய்ந்து மட்டமாகியிருந்தன. "வழுக்குறது இதனாலதான்டா" என்றார். அதே அளவில் புது டயருக்குச் சீட்டுக் காசைக் கொடுத்தார். வார் அறுந்த தன் தலைக்கவசத்துக்குப் பதிலாக மிச்சத்தில் புதிதாய் ஒன்று வாங்கிக்கொண்டார்.

தம்பிக்கு இன்னும் முழு மனதில்லை. சில்லு மெலிவாகத் தெரிகிறதாம்.