கத்திரிக்கு எதிராக ஒரு வாள்

ஹயாவோ மியாசாகியின் 'நவ்சிகா' ஜப்பானில் 1984-ல் வெளிவந்தது. மறுவருடமே அமெரிக்காவுக்கும் போனது, 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்ற பெயரில். ஆனால் இருபது நிமிடங்களுக்கு மேல் காணோம்! நாயகியின் பெயரும் ஸாண்ட்ரா ஆகிவிட்டது. மனிதனும் காடும் சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்ட படம், வெறும் சண்டைப்படமாகச் சுருங்கியது.

சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? 'இளவரசி மோனோநோகே' (1997) அமெரிக்கா போனபோது, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அங்குள்ள விநியோகஸ்தருக்கு ஒரு வாளைப் பரிசளித்து, படத்தை வெட்டக் கூடாது என்றார். 1999-ல் படம் முழுசாக வந்தது. வசூல் என்னவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அமெரிக்க ரசிகர்கள் முழு 'நவ்சிகா'வை டிவிடியில் வாங்க 2005 வரை காத்திருந்தார்கள். கடல் தாண்டும் படத்துக்கு வேறு குரல் கொடுக்கலாம். கை காலை வெட்டலாமா?