மூலை மழுங்காத அட்டை

டாப்ஸ் கம்பெனியின் 1987 பேஸ்பால் அட்டைகளுக்கு மரப்பலகை மாதிரி ஓரம். பழைய பாக்கெட்டின் மெழுகுத்தாளைப் பிரித்ததும் பபிள்கம் மாவு வாசனை அடிக்கும். கம் பட்டுக் கறையான அட்டையை என் பையன் முகம் சுளித்துத் தனியே ஒதுக்குவான். பாரி பாண்ட்ஸ் அட்டை வந்துவிட்டால் குதிப்பான்.

அப்போது செயின்ட் லூயிஸில் இருந்தோம். 1998 செப்டம்பர் 8-ம் தேதி அந்த ஊர் அணியின் மார்க் மெக்வயர் அந்த சீசனின் 62-வது ஹோம் ரன் அடித்து, ரோஜர் மாரிஸின் 37 வருடச் சாதனையை முறியடித்தார். மறுநாள் கார்டு கடையில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: ஒலிம்பிக் அணிச் சட்டையில் இருக்கும் மெக்வயரின் 1985 டாப்ஸ் ரூக்கி அட்டை, அதாவது அறிமுக அட்டை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் விலைச்சீட்டை அடித்துவிட்டு வேறு விலை எழுதினார்.

இந்த அட்டை ஆசையை ஊட்டிய பெரும்புள்ளி பழைய ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். விற்காமல் தேங்கிய 1952 அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக டாப்ஸ் அதிகாரி சை பெர்கரே சொல்லியிருக்கிறார். தப்பிய மேன்டில் அட்டை ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. இத்தனைக்கும் அது ரூக்கி அட்டையே இல்லை. அவருடைய ரூக்கி அட்டை 1952-க்கு முந்தைய வருடம் போமன் கம்பெனி போட்டது. மகன் வளர்ந்ததும் பெட்டியோடு குப்பையில் போட்ட அம்மாக்களுக்கும் அந்த விலையில் பங்குண்டு.

அந்தக் கதைகளைக் கேட்டவர்கள் எண்பதுகளின் கடைசியில் ஒன்றைக்கூட எறியவில்லை. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. அதனால்தான் அந்த மரப்பலகை அட்டைகள் இன்றும் பெட்டி பெட்டியாகச் சீந்துவாரில்லாமல் கிடக்கின்றன.

மெக்வயர் விஷயம் வேறு. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பழைய கதை பேச மறுத்தார். 2010-ல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். அட்டை அதேதான், விலைதான் பாதாளத்துக்குப் போனது. அன்று கடையில் முண்டியடித்தவர்களில் எத்தனை பேர் சரியான நேரத்தில் விற்றார்களோ!

இன்னொரு ஆட்டக்காரரான கென் கிரிஃபி ஜூனியர் பெயர் கெடவில்லை. 2016-ல் 99.3 சதவீத வாக்குடன் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். ஆனாலும் அவருடைய 1989 அப்பர் டெக் அட்டை வாங்கக் கை கடிக்காது, அவ்வளவு அச்சடித்திருக்கிறார்கள். அட்டைகளைத் தரம் பார்க்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 10 மதிப்பெண் போட்டால் மட்டும் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறும். 9 என்றால் அதில் சிறு பங்குதான். பையன் தன்னுடையதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தான். இடது கீழ்மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை.

"எட்டுதான் வரும்ப்பா. அனுப்புற செலவுக்குக்கூடக் கட்டாது" என்று உறையில் செருகிவிட்டான்.