அண்ணனுக்குத் துணையாக ஒரு ராக் கச்சேரி

எங்கள் ஊர் திருப்போரூர். எனக்குத் தெரிந்த கச்சேரியெல்லாம் மாசி பிரம்மோற்சவத்தில் கந்தசுவாமி கோயிலில் கேட்கும் நாதஸ்வரமும் தவிலும்தான். அப்படிப்பட்ட நான், நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் சாம்பார் பொடி டப்பாவோடு விட்டுவிட்டு, மும்பைக்கு ரயிலேறி, தலைமுடி வளர்த்த அமெரிக்கக்காரர்கள் பாடுவதைக் கேட்கப் போனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவே சிரித்தது.

ஆசை என்னுடையது அல்ல, என் அண்ணனுடையது. எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அவர் சென்னையில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு நாள் பர்மா பஜாரிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தார். ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ என்ற குழு. 1985-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தவர்கள். 1987-ல் வந்த முதல் இசைத்தட்டிலேயே உலகம் பூராவும் பேர் வாங்கிவிட்டார்கள். பாடுகிறவர் ஆக்ஸல் ரோஸ். பெரிய தொப்பி போட்டுக்கொண்டு, முகத்தைச் சுருட்டை முடியால் மறைத்துக்கொண்டு கிடார் வாசிப்பவர் ஸ்லாஷ். அண்ணன் முதல் முறை டேப்ரிக்கார்டரில் போட்டபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, “யாருக்குடா பல்வலி?” என்று கேட்டாள்.

அந்தப் பல்வலியை நான் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்கும், படிக்கும்போதும் கேட்கும். வார்த்தை ஒன்றும் புரியாது. ஆனால் எந்த இடத்தில் கிடார் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அண்ணனும் பழைய கிடார் ஒன்று வாங்கி, விரலெல்லாம் காய்ப்புக் காய்க்க வாசித்துப் பார்ப்பார்.

2000-ம் வருஷம் எனக்குக் கல்யாணம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் கிடாரும் காணோம், டேப்ரிக்கார்டரும் காணோம். கேட்டதற்கு, “விரல் வலிக்குது பாப்பா, அதான் குடுத்துட்டேன்” என்றார். எனக்குப் போட்ட வளையலில் எவ்வளவு பங்கு அந்தக் கிடார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அப்புறம் மறைமலைநகரில் வேலை, ஷிப்ட், குடும்பம். 2012 டிசம்பரில் அந்தக் குழு பெங்களூர் வரைக்கும் வந்தது. அண்ணன் பஸ்ஸுக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். அந்த வாரம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. “ஸ்லாஷ்தான் அதுல இல்லையே, போனாலும் பாதிதான்” என்று அவரே அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அதுவும் நிஜம்தான். ஸ்லாஷ் 1996-ல் சண்டை போட்டுக்கொண்டு விலகியவர், 2016-ல்தான் திரும்பிச் சேர்ந்தார். இருபது வருஷம் முகம் பார்க்காமல் இருந்து, பிறகு ஒரே மேடையில் நின்றார்கள். எங்கள் தெருவில் வரப்புத் தகராறுகூட அவ்வளவு நாள் நீடித்ததில்லை.

2024 மார்கழியில் ஒரு விடியற்காலை அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் அண்ணி. இடது கையும் தாடையும் வலிக்கிறது, வேர்க்கிறது என்றதும் பக்கத்து வீட்டுப் பையன்தான் காரை எடுத்தான். நல்ல நேரத்தில் கொண்டுபோனோம், ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். சகோதரிகளே, வேர்வையோடு வரும் நெஞ்சுவலிக்கு ஓமத் தண்ணீர் வைத்தியமில்லை. அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்.

பிழைத்தாரே தவிர, மனிதர் பாதியாகிவிட்டார். மாடிப்படி ஏற பயம், தனியாகக் குளிக்கப் பயம். குளத்தங்கரை வரை நடந்துவிட்டு வரச் சொன்னால், பாதியில் திரும்பி வருவார். டாக்டர் நடக்கலாம் என்கிறார், இவர் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணியோ அவரைக் கண்ணாடிக் குடுவை மாதிரி வைத்திருந்தார்கள். அப்போதுதான் மருமகன், அதாவது அண்ணன் பையன், போனில் காட்டினான். 2025 மே 17, சனிக்கிழமை, மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸ். இந்தத் தடவை ஸ்லாஷும் உண்டு.

வீட்டில் பெரிய ரகளை. அண்ணி அழுதார்கள். டாக்டரிடம் போனோம். அவர் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, “தாராளமா போகலாம். குதிக்கக்கூடாது, கூட்டத்துக்கு நடுவில நிற்கக்கூடாது, மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது, கூட ஒருத்தர் இருக்கணும்” என்றார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாதாம். மருமகனுக்குப் பரீட்சை, அண்ணிக்கு முழங்கால் வலி. மிச்சம் நான். டிக்கெட்டுக்கு என் சீட்டுப் பணத்தை எடுத்தேன். ஒரு மாத மளிகைக் கணக்கு போயிற்று. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, “காதை ஜாக்கிரதையா பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் பயணம். முதல் வேளைக்குப் புளியோதரை, அடுத்த வேளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். அண்ணனுக்கு மட்டும் தனியாக உப்புக் குறைத்துச் செய்தேன். ரேணிகுண்டா தாண்டினதும் வெயில் ஜன்னல் கம்பியைச் சுட ஆரம்பித்தது. குண்டக்கல், ராய்ச்சூர் பக்கமெல்லாம் பாறையும் கருவேலமும்தான். அண்ணன் கைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். அவ்வப்போது மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுவார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். மறுநாள் லோனாவாலா தாண்டி மலை இறங்கும்போது குகை குகையாக வந்தது. அங்கேதான் மணிக்கட்டை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

மாதுங்காவில் எங்கள் சின்னம்மா மகள் இருக்கிறாள். ஸ்டேஷன் பக்கத்திலேயே பூக்கடை, வாழையிலை, முருங்கைக்காய், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. தமிழ்க் குரல் கேட்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. மும்பைக்கு வந்தோமா, மயிலாப்பூருக்கு வந்தோமா என்று சந்தேகமே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் மகாலட்சுமி கோயிலுக்குப் போனோம். கடலை ஒட்டினாற்போல் கோயில். மகாலட்சுமி, மகாகாளி, மகாசரஸ்வதி மூவரும் ஒரே சன்னதியில். எங்கள் ஊர் முருகன் பனைமரத்தில் தோன்றிய சுயம்பு, மூலவருக்கு அபிஷேகமே கிடையாது. இங்கே தங்கக் கவசமும் மூக்குத்தியுமாக ஜொலிக்கிறார்கள். நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், இன்று ராத்திரி பத்து மணி வரை அண்ணன் நெஞ்சைப் பார்த்துக்கொள் என்று.

மகாலட்சுமி ரயில் நிலையத்தை ஒட்டிய பாலத்தில் நின்று பார்த்தால் கீழே ‘தோபி காட்’. வரிசை வரிசையாகக் கல் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். மேலே கொடி கொடியாக நீலச் சட்டை ஒரு பக்கம், வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒரு பக்கம். இவ்வளவு துணியில் யாருடையது எது என்று மாறாமல் எப்படிக் கொடுக்கிறார்களோ! நம் வீட்டில் நாலு பேர் துணியிலேயே ஒரு காலுறைக்கு ஜோடி கிடைப்பதில்லை. அண்ணன் இழுத்துக்கொண்டு வராவிட்டால் நான் கச்சேரியை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருப்பேன்.

மைதான வாசலில் மாத்திரைக்கு டாக்டர் சீட்டைக் காட்டினோம். உள்ளே போனால் எல்லாம் கறுப்பு பனியன். இளசுகள்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வயசுக்காரர்கள் எத்தனை பேர்! தொப்பையும் வழுக்கையுமாக, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஓர் அம்மாள் சுடிதாருக்கு மேலே அந்தக் குழுவின் பனியனைப் போட்டிருந்தார்கள். என் காட்டன் புடவையைப் பார்த்து ஒரு பெண் வந்து சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாள்.

காது விஷயம் சொல்ல வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை நாளைக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இந்த மாதிரிக் கச்சேரிகள் அதையும் தாண்டுகிறவை. பஞ்சு வைத்தால் பெரிதாகப் பயனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றொரு கையால் காது மடலைச் சற்று மேலே பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நுழைக்க வேண்டும். அது உள்ளே விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாட்டுக் கேட்கும், வலிக்காது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கம் பந்தி போட்டால்கூட உபயோகப்படும். கைக்குழந்தையோ அங்கே உட்காரவே வேண்டாம்.

இருட்டினதும் ஆரம்பித்தார்கள். முதல் அடி காதில் விழவில்லை, மாரில் விழுந்தது. திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் நின்றால் வயிற்றுக்குள் அதிருமே, அதைப்போல நூறு மடங்கு. நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் கை மணிக்கட்டுக்குப் போகவில்லை.

ஆக்ஸல் ரோஸுக்கு வயது 63. அந்தக் கேசட்டில் கேட்ட குரல் இல்லை. மேலே போகிற இடத்தில் சில தடவை எட்டவில்லை. வருஷக்கணக்காகக் கேட்ட காதுக்குத் தெரியாதா? ஆனால் எட்டாத இடத்தையெல்லாம் மைதானமே சேர்ந்து பாடி நிரப்பிவிட்டது. அவரும் நிற்காமல் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். 2016-ல் குழு மறுபடி சேர்ந்த முதல் நாளே கால் எலும்பை முறித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடிய மனிதராம். ஸ்லாஷ் வாசிக்கும்போது நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவருக்குக் குரல் இல்லாத குறையே இல்லை, விரல்கள் எல்லாம் பேசின.

‘நவம்பர் ரெய்ன்’ பாட்டுக்கு ஆக்ஸல் பியானோவில் உட்கார்ந்தார். நான் வலப்பக்கம் திரும்பினால் அண்ணனைக் காணோம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பார்த்தால் கீழே புல்லில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. குனிந்து தோளை உலுக்கி, “அண்ணா! என்ன பண்ணுது? மாத்திரை எடுக்கட்டுமா?” என்று கத்தினேன். கண்ணைத் திறந்து, காதடைப்பானைக் கழற்றச் சொல்லி ஜாடை காட்டினார்.

“ஒண்ணும் பண்ணல. உக்காந்து கேக்கணும்னு இருந்துச்சு. பாப்பா, அந்தத் தொப்பிக்காரன் இருக்கானே, அவனுக்கும் நெஞ்சுக்குள்ள மிஷின் வச்சிருக்கு.”

நான் நம்பவில்லை. பிறகு சொன்னார். ஸ்லாஷுக்கு 2001-ல், முப்பத்தைந்து வயதில், குடியால் இதயம் வீங்கி, சில வாரங்கள்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். நெஞ்சில் கருவி வைத்துப் பிழைத்தார். குடியைப் பிறகு அடியோடு விட்டார். 2009-ல் அவருடைய அம்மா நுரையீரல் புற்றுநோயில் இறந்ததும் சிகரெட்டையும் விட்டார். அவர் பக்கத்தில் நின்று வாசிக்கும் டஃப் மெக்கேகனுக்கோ 1994-ல் கணையமே வெடித்துப்போனது. அதிலிருந்து குடியை விட்டு, ஓட்டமும் உடற்பயிற்சியுமாக மாறினவர். இதெல்லாம் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் படித்தாராம். எங்கள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அண்ணன் குடித்தவர் இல்லை. அந்த சிகரெட்டு மட்டும் கம்பெனி கேண்டீனில் முப்பது வருஷம் இருந்தது.

நானும் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கால்கள்தான் தெரிந்தன, மேடையே தெரியவில்லை. கிடார் ஏறுகிற இடம் வந்ததும் அண்ணனுடைய இடது கை விரல்கள் முழங்கால் மேல் தாமாக அசைந்தன. எந்த இடத்தில் ஏறும் என்று எனக்கும் தெரியுமே. இருபத்தைந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

“அந்தக் கிடாரை எவ்வளவுக்கு வித்தே அண்ணா?”

“போ பாப்பா, பாட்டைக் கேளு” என்றார்.

ராத்திரி பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால் வீட்டுக்குப் போக ரொம்ப நேரமாகவில்லை. வெளியே கூட்டம் கரையும் வரை ஓர் ஓரமாக நின்றோம். அண்ணன் மைதானத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்தார். பாலத்துப் படியை நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். அவர் எண்ணவில்லை. ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் அண்ணி முதலில் கேட்டது பாட்டைப் பற்றி அல்ல. “அங்க போய் என்னத்த சாப்பிட்டார்? நிஜத்தைச் சொல்லு” என்றார்கள். “ஒரே ஒரு வடா பாவ் அண்ணி” என்றேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.