எந்த ஊர் என்று சொல்வது?

தீவுப் பகுதிக்குப் புகையிரதம் கிடையாது. நயினாதீவு, நெடுந்தீவு போவோருக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைதான் ஸ்டேஷன். 2009இல் போர் ஓய்ந்தபின் அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்குமாக அங்கே நல்ல சனநெரிசல். பயணிகளிடம் விவரம் கேட்டு எழுதும் தொண்டர் பிள்ளை ஒருத்தி தாளோடு என்னிடமும் வந்தாள்.

“எங்கயிருந்து வாறியள் அம்மா?”

“புத்தளம்.”

“சொந்த ஊர்?”

“யாழ்ப்பாணம், சோனகதெரு.”

நிமிர்ந்து பார்த்தாள். 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது அவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

பயண நோக்கத்துக்கு வழிபாடு, சுற்றுலா, வேலை, வியாபாரம் என்று நாலு கட்டம். வாப்பாவோடு சிறுமியாய்ப் போன கடலைப் பார்க்க வந்தேன் என்றேன். எதில் புள்ளடி போடுவாள், பாவம்! ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

“என்ன வசதி வேணும்?”

“பெண்கள் வுளூச் செய்யத் துப்புரவான ஓர் இடம்.”

அதையும் எழுதினாள். படகுக்காரர் கூப்பிட்டார்.