வார்ப்புருவும் மெய்க்கீர்த்தியும்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் 'டெம்ப்ளேட்' என்ற சொல் வசைச்சொல்லாகி நெடுநாளாயிற்று. டெம்ப்ளேட் சிறுகதை, டெம்ப்ளேட் கவிதை, டெம்ப்ளேட் திரைப்படம் என்றால் அங்கே புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள். அச்சொல்லின் சார்பில் தமிழாசிரியர்கள் வழக்காட வருவார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரியொன்றின் தமிழ்த்துறையில் அமர்ந்து, ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுகளைக் கேட்டுவரும் நாங்கள், பவர்பாயிண்ட் வார்ப்புருக்களோடு பட்டதையும் பின்னர் அவற்றால் பெற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். டெம்ப்ளேட்டிற்குக் கலைச்சொல்லாக்கக்காரர்கள் தந்தது 'வார்ப்புரு'. நல்ல ஓசையுள்ள சொல்தான். ஆனால் வார்ப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருகின்ற சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பில், உலோகத்தை ஊற்றி ஆறியபின் மண்கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்கின்றார்கள். ஒரு கருவிற்கு ஒரு சிலை, மறுமுறை கிடையாது. பவர்பாயிண்ட் கோப்போ மீண்டும் மீண்டும் பயன்படுவதற்கென்றே செய்யப்படுவது. அதற்கு நெருக்கமானது அச்சு வெல்லத்தில் உள்ள 'அச்சு'. எங்கள் துறையில் பேச்சுவழக்கில் அச்சு என்றே சொல்லிக்கொள்கிறோம். எழுத்தில் மட்டும் ஊரோடு ஒத்து வார்ப்புரு.

தமிழிலக்கியம் வார்ப்புருவை வெறுத்ததே இல்லை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலுக்கும் பொது. எஞ்சிய மூன்று மட்டும் ஆண்பாலுக்கு ஒன்றாகவும் பெண்பாலுக்கு வேறாகவும் மாறும். இன்ன பருவத்திற்குப் பின் இன்ன பருவம் என்று பாட்டியல் நூல்கள் வரையறுத்து வைத்தன. பாடவந்த புலவன் கட்டமைப்பைப் பற்றிக் கவலைப்படாமல், அம்புலியை எப்படி அழைப்பது என்பதில் மட்டும் தன் ஆற்றலைச் செலவிட்டான். இவற்றை வகுப்பில் பாராட்டிப் பேசிவிட்டு, வெளியே வந்து டெம்ப்ளேட் என்று முகம் சுளிப்பது எங்களுக்குப் பொருத்தமாகப் படவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இதைவிட நெருக்கமான சான்று கல்லிலேயே இருக்கிறது. குடுமியான்மலையிலோ நார்த்தாமலையிலோ கல்வெட்டு படிக்கப் பழகுகின்ற மாணவர்களிடம் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது மெய்க்கீர்த்தியை அடையாளம் காண்பதைத்தான். முதலாம் இராசராசனின் காலம் தொட்டு, சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைக் கூறும் ஒரு பாடம் வருகிறது. அவன் எட்டாம் ஆட்சியாண்டிலிருந்தே அது காணப்படுகிறது. புதிய வெற்றிகள் சேரச் சேர வளர்ந்துகொண்டும் போகிறது. அந்தப் பாடம் ஊருக்கு ஊர் எழுதப்பட்டதன்று; எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அதை அடுத்து மன்னன் பெயர், ஆட்சியாண்டு. அதன்பின் எந்த நாட்டில் எந்த ஊர், கொடுத்தவர் யார், கொடுத்தது விளக்கெரிக்க ஆடா, நிலமா, நிலமாயின் அதன் நான்கெல்லை எவை என்னும் செய்திகள். இறுதியில் இந்த அறத்தைக் காப்பவரைப் போற்றும் வழக்கமான முடிப்பு. தலையும் வாலும் வார்ப்புரு. நடுவயிறு ஊருக்கு ஊர் வேறு.

கல் பொரிந்து மன்னன் பெயர் அழிந்துபோயிருந்தாலும், மெய்க்கீர்த்தியின் தொடக்கச் சொற்கள் இரண்டு மூன்று எஞ்சியிருந்தால் இன்னார் காலம் என்று சொல்லிவிடலாம். வார்ப்புரு செய்யும் பெரிய உதவி அது. ஆனால் புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுப் பாடங்களைக் கொண்ட தொகுதியை நாங்கள் புரட்டும்போது தேடுவது மெய்க்கீர்த்தியை அன்று. வாய்க்காலின் பெயர், வரியின் பெயர், ஒரு பெண்ணின் பெயர், ஒரு குளத்து மடையின் பெயர் ஆகியவற்றையே தேடுகிறோம். அவை அனைத்தும் நிரப்பப்பட்ட பகுதியில் இருப்பவை. மாறாத பகுதி மாறாதிருப்பதால்தான், மாறுகின்ற பகுதி எங்கே தொடங்குகிறது என்று கண் உடனே கண்டுகொள்கிறது.

பவர்பாயிண்ட்டின் கதைக்கு வருவோம். ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் முதலானோர் உருவாக்கிய இம்மென்பொருள் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கென்று வெளிவந்தது. அவ்வாண்டே மைக்ரோசாப்ட் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது. பின்னர் வந்த பதிப்புகளில் 'ஆட்டோகன்டென்ட் விசார்டு' என்றொரு வசதி சேர்ந்தது. வடிவத்தை மட்டுமன்றி, என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான தலைப்புகளையும் அதுவே தந்துவிடும். கணினி அறிஞர் பீட்டர் நோர்விக் 2000ஆம் ஆண்டில் இதைக் கொண்டு ஒரு குறும்பு செய்தார். 1863இல் ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய புகழ்பெற்ற சிற்றுரையை விசார்டிடம் கொடுத்துப் படவில்லைகளாக மாற்றினார். உரையின் உயிர் போய், நிகழ்ச்சிநிரலும் வரைபடமும் எஞ்சின. எட்வர்ட் டஃப்டி 2003இல் எழுதிய சிறுநூலும் இம்மென்பொருளின் சிந்தனைப்போக்கையே குற்றம் சாட்டியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்த கொலம்பியா விண்ணோட விபத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கையும், உயிர் காக்கும் செய்தி ஒரு படவில்லையின் அடுக்கடுக்கான உட்பிரிவுகளுக்குள் புதைந்துபோனதைச் சுட்டிக்காட்டியது. விசார்டு 2007ஆம் ஆண்டுப் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அதன் ஆவி மட்டும் இணையத்திலிருந்து இறக்கப்படும் இலவச வார்ப்புருக்களில் உலவிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆவியை நாங்கள் நேருக்கு நேர் கண்டது, திருமயம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வில். அவர் ஆய்வு, தம் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த கண்மாய்களின் மடைப்பெயர்கள் பற்றியது. குமிழிக்கற்களில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்திருந்தார். மடை திறக்கும் உரிமையுடைய குடும்பத்து முதியவர்களிடம் பேசியிருந்தார். ஆய்வேடு நன்றாகவே இருந்தது. படவில்லைகள்? நீலநிறப் பின்னணியில் கைகுலுக்கும் இரு கோட்டுக்காரர்கள். முன்னுரை, நோக்கம், அணுகுமுறை, கண்டறிந்தவை, முடிவுரை. 'கண்டறிந்தவை' என்பதன் கீழே குண்டுப்புள்ளிகளுடன் நான்கு வரிகள்: கண்மாய்கள் சமூக ஒற்றுமையை வளர்த்தன, நீர் மேலாண்மையில் முன்னோர் சிறந்து விளங்கினர் என்பன போன்றவை. எந்த மாவட்டத்து எந்த மாணவரும் களத்திற்குப் போகாமலே எழுதக்கூடிய வரிகள்.

"இதிலே ஒரு மடையோட பேரு கூட இல்லையேம்மா?" என்று புறத்தேர்வாளர் கேட்டார்.

"இடம் பத்தலை ஐயா. பெட்டிக்குள்ள நாலு பாயிண்ட்தான் வந்துச்சு" என்றார் அந்த மாணவி.

பின்னர் அவர் படவில்லையை விட்டுவிட்டு, வாயால் பத்து நிமிடம் சொன்னார். ஒரு மடைக்கு ஏன் இரண்டு பெயர்கள், கல்லில் உள்ள பெயரை ஊரில் இன்று எவரும் வழங்காததன் காரணம், பெரியவர் ஒருவர் தண்ணீர் பாயும் ஒலியைக் கேட்டே மடையின் அளவைச் சொன்னது ஆகியவற்றை அறையில் இருந்த அனைவரும் எழுதிக்கொண்டோம். அவருக்கு மதிப்பெண் குறையவில்லை. ஆனால் அவ்வாறு வாய்திறந்து சொல்லத் தயங்கும் மாணவர்கள் எங்களிடம் மிகுதி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியவர்கள் அவர்கள். அழகாக அச்சிட்டாற்போல் வந்த பெட்டி, தம்மைவிடக் கற்றறிந்தது என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். பெட்டி நான்கு கேட்டால் நான்குதான் தருவார்கள்.

எனவே துறைக்கென்று ஓர் அச்சு செய்வது என்று முடிவெடுத்தோம். செய்யத் தொடங்கியபின்தான், கிடைக்கின்ற வார்ப்புருக்கள் எவையும் தமிழை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பது விளங்கிற்று. பவர்பாயிண்ட் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய மூட்டை. அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே தீம் கோப்பைக் காணலாம். மைக்ரோசாப்ட்டின் வழக்கமான தீமில் உலக எழுத்துமுறைகளுக்கெல்லாம் உரிய எழுத்துருக்களின் பட்டியல் ஒன்று இருக்கும். தமிழுக்கு நேரே 'லதா' என்று எழுதியிருக்கும். தலைப்புக்கும் லதா, உடலுக்கும் லதா. ஆங்கிலத்திற்கென்று தேர்ந்த அழகிய எழுத்துரு தமிழுக்குப் பொருந்தாமல் நிற்பதன் காரணம் இதுவே. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வரும் வெற்று வார்ப்புருவில் வரி இடைவெளி 90 விழுக்காடு. ஆங்கிலத்திற்கு அது சரி. தமிழில் மேல்வரியின் உகரக் கொம்புகள் கீழ்வரியின் மெய்ப்புள்ளிகளையும் இகர விலங்குகளையும் முட்டும். தலைப்புப் பெட்டி இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு வெட்டப்பட்டது. எங்கள் ஆய்வுத் தலைப்போ மூச்சு வாங்காமல் இரண்டு வரி ஓடும். உடனே மென்பொருள் தானாக எழுத்தைச் சிறிதாக்கிவிடும். பத்துப் படவில்லையில் பத்து அளவு.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு படவில்லையிலும் திருத்திக்கொண்டிருப்பது ஆற்றுநீரைக் கையால் இறைப்பதற்கு ஒப்பு. 'வியூ' பட்டியலில் உள்ள 'ஸ்லைடு மாஸ்டர்' என்பதே தலைமடை. அங்கே ஒருமுறை எழுத்துருவையும் இடைவெளியையும் மாற்றினால் கீழே உள்ள எல்லாப் படவில்லைகளுக்கும் பாய்ந்துவிடும். வரி இடைவெளியை 110 ஆக்கினோம். தானே சிறிதாகும் வசதியை நிறுத்தினோம். தலைப்புப் பெட்டியை இரண்டு வரிக்கு உயர்த்தினோம். சாய்வெழுத்தை விலக்கினோம் (தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை, சாய்த்தால் விழப்போவது போல இருக்கும்).

மாணவர்களுக்கு நாங்கள் வற்புறுத்திச் சொன்ன விதி ஒன்றே. வார்ப்புரு தந்துள்ள காலியிடப் பெட்டிக்குள் எழுதுங்கள். 'டெக்ஸ்ட் பாக்ஸ்' வரைந்து எழுதாதீர்கள். வரைந்த பெட்டி மாஸ்டருக்குக் கட்டுப்படாது. தலைமடையில் திறந்த நீர் அந்த வயலுக்குப் போகாது. பெட்டிக்குள் எழுதியது குழம்பினால், 'ஹோம்' பட்டியலில் உள்ள 'ரீசெட்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும்.

ரீசெட் பொத்தானால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்துவந்த மாணவர்களின் தமிழ், அப்பொத்தானை அழுத்தியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிற்று. அவ்வெழுத்துருக்களில் உள்ளிருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியிடங்கள்தாம். மேலே போர்த்திய உருவம் மட்டுமே தமிழ். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆயினும் தட்டச்சு நிலையங்களில் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை. ஒருங்குறியில் இல்லாத கோப்பைத் துறை வாங்குவதில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

தோற்றத்தைச் சரிசெய்தபின் உள்ளடக்கம். மாஸ்டரின் கீழே எத்தனை தளவமைப்பு வேண்டுமானாலும் சேர்க்கலாம். நாங்கள் 'சான்று' என்று பெயரிட்டு ஒன்றைச் சேர்த்தோம். படவில்லையின் முக்கால் பங்கு ஒரே பெட்டி; குண்டுப்புள்ளி கிடையாது. அதில் 'களத்தில் கேட்டதை அல்லது கண்டதை அப்படியே இங்கு எழுதுக' என்ற குறிப்பு மங்கலாகத் தெரியும். எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும். கீழே மெல்லிய பட்டையில் ஊர், சொன்னவர், நாள் என மூன்று சிறு பெட்டிகள். மெய்க்கீர்த்திக்குப் பின் ஊரும் பேரும் வருமே, அந்த முறைதான். 'சான்று' குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்றும், 'முடிவுரை' என்ற தளவமைப்பே வேண்டாம் என்றும் வைத்தோம். மூத்த பேராசிரியர் ஒருவர், "கையைப் பிடிச்சு எழுத வைக்கிறதும் ஒரு அடிமைத்தனம்தானே" என்று கடிந்துகொண்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்களுக்கு இந்த அச்சே தேவையில்லை. அவர்கள் ஒரு கரும்பலகையோடு வரட்டும். நாங்கள் அச்சு செய்தது, பெட்டியைக் கண்டு அஞ்சுகின்ற மற்றவர்களுக்காக.

கோப்பைச் சாதாரணமாகச் சேமிக்காமல் 'பிஓடிஎக்ஸ்' என்னும் வார்ப்புரு வடிவில் சேமித்துக் கொடுத்தோம். அதை இருமுறை சொடுக்கினால் மூலம் திறக்காது. பெயரிடப்படாத புதுப்பிரதி ஒன்றே திறக்கும். முதல் பருவத்தில் ஒருவர் ஆய்வை இன்னொருவர் மேலெழுதி அழிக்கும் தொல்லை அதோடு நின்றது.

இன்னும் முடியாதது செய்யுளுக்கான தளவமைப்பு. குறளின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர் என்பது பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இடம் போதாமல் மூன்று சீரோடு முதலடி மடங்கி, நான்காம் சீர் தனியே தொங்குகின்ற படவில்லைகளைக் கருத்தரங்குகளில் எத்தனையோ பார்த்துவிட்டோம். அகலப் பெட்டியில் 28 புள்ளி அளவு வைத்ததும் வெண்பா அடங்கிவிட்டது. எண்சீர் விருத்தம்தான் அடங்க மறுக்கிறது. அடி முடிந்தால் என்டர், அடிக்குள் மடக்க வேண்டுமானால் ஷிப்ட்டோடு என்டர், மடங்கிய பாதி சற்று உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று அமைத்திருக்கிறோம். நான்கடியும் எட்டு வரியாகி, ஊர், சொன்னவர், நாள் என்னும் பட்டையை இடிக்கின்றன. அப்பட்டையை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். எழுத்தைக் குறைக்கலாம் என்கிறார் மற்றொருவர். அடுத்த பருவத்து மாணவர்களில் இருவர் விருத்தங்களை ஆய்வுக்கு எடுத்திருப்பதால், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.